மீந்த விதைக்கடலை

வீட்டுச் செலவைக் குறைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் நடுவில், அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த ஒரு வருஷம், ஆலங்குடிக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த ஊரில், பூச்சி மருந்து கலந்த விதைக்கடலையை நல்ல கடலை என்று நினைத்து ஒருத்தியின் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பினேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நான் எப்படிக் குடித்தனம் நடத்தினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், பாவம், தெரியாமல் ஒரு தப்புச் செய்துவிட்டாள் என்று நீங்கள் என்மேல் இரக்கப்பட்டுவிடுவீர்கள்.

என் கணவர் அந்த ஊர் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். எங்களுக்கு ஒரே மகன், அப்போது அவனுக்கு ஆறு வயது. காலையில் அப்பாவோடு பள்ளிக்கூடம் போவான், மத்தியானம் அப்பாவோடு சாப்பிட வருவான். ஊருக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர் கொல்லை இருந்தது. மழையை நம்பி அதில் கடலை போடுவோம். சம்பளம் இருபதாம் தேதிக்கு மேல் தாங்காது. என் பிறந்த வீடு ஆவூர்ப் பக்கம், அங்கே நாங்கள் ஏழு பிள்ளைகள். ஒரு முட்டையை நூல் வைத்து மூன்றாக அறுத்துத் தின்று வளர்ந்தவள் நான். ஆகவே சிக்கனம் எனக்கு ரத்தத்திலேயே இருந்தது, கோபமும் அப்படித்தான்.

பீர்க்கங்காய் வாங்கினால் காய் ஒரு நாளைக்கு, தோல் துவையலுக்கு ஒரு நாளைக்கு. புளியை இரண்டு தரம் கரைப்பேன். மூன்றாவது தரம் சக்கையை வைத்துப் பித்தளைக் குடம் துலக்குவேன். எண்ணெய்ச் சட்டியில் ஒட்டியிருப்பதை வீணாக்காமல் அதிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டி மகனுக்குக் கொடுப்பேன், அவனுக்கு அது விருந்து. கடையில் கட்டிவரும் சணல் நூலைக்கூடச் சுருட்டி வைப்பேன். மளிகைக் கடைக்காரர் நான் தெருமுனையில் திரும்பும்போதே தராசுத் தட்டைத் துடைத்துவிட்டு நிற்பார். மாதாமாதம் அரை ரூபாயாவது மிச்சப்படுத்தி மஞ்சள் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் எனக்குத் தூக்கம் வரும். பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கஞ்சப்பிசினாரி என்று சொல்வாளாம். சொல்லட்டும், மாதக் கடைசியில் அவள்தான் என்னிடம் மிளகாய் கேட்டு வந்தாள்.

வீட்டில் குப்பைக்குப் போவது என்று ஒன்றுமே கிடையாது. சாம்பல் பாத்திரத்துக்கு, தேங்காய் ஓடு அடுப்புக்கு, முருங்கைக் காம்பு ஆட்டுக்கு. எங்களிடம் ஆடு இல்லை. அந்த ஆடு, எங்கள் வீட்டில் வாசல் கூட்டித் தெளிக்க வரும் ஒருத்தியுடையது. கண்மாய்க்கு அங்கிட்டு அவர்கள் தெரு. புருஷன் தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போய்விடுவான், வந்தால் உண்டு. மூன்று பிள்ளைகள். காலையில் வந்து வாசல் வேலையை முடித்துவிட்டு ஆட்டுக்குக் கழுநீரை எடுத்துக்கொண்டு போவாள். விதைப்பு, களையெடுப்பு என்றால் எங்கள் கொல்லைக்கும் வருவாள்.

கழுநீரோடு வேறு சிலதும் போகும். ரேஷனில் மைலோ என்ற அமெரிக்கச் சோள மாவு போட்ட காலம் அது. வாங்கி வைத்து வண்டு விழுந்துவிட்டால் சலித்து மேலாக இருப்பதை நாங்கள் வைத்துக்கொண்டு, சல்லடையில் நின்றதை அவளிடம் கொடுத்துவிடுவேன். மூன்று நாள் சுண்டக் காய்ச்சிய குழம்பு நாலாம் நாள் நூல் விட ஆரம்பித்தால் அதுவும் அவளுக்கு. "இந்தா, புள்ளைகளுக்குக் குடு" என்பேன். நான் கொடுத்த எதையும் அவள் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. எதுவும் வீணாகாமல் ஒரு வயிற்றுக்குப் போய்ச் சேர்கிறதே என்று எனக்கு ஒரு திருப்தி. அதைத் தர்மம் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கடலை விதைப்பில் ஒரு பழக்கம் உண்டு. ஏருக்குப் பின்னால் சால் வழியே நடந்து பருப்பு போடுகிற பெண்களுக்கு, அன்றைக்கு மீந்த விதைப் பருப்பில் ஆளுக்கு இரண்டு கை அள்ளி மடியில் போட வேண்டும். கூலி அது தனி. எனக்கு இந்தப் பழக்கம் கட்டோடு பிடிக்காது. ஆறு பெண்கள், ஆளுக்கு இரண்டு கை என்றால் எவ்வளவு பருப்பு என்று வருஷாவருஷம் கணக்குச் சொல்லி என் கணவரின் காதைத் தின்பேன். துவரம் பருப்பு விற்கிற விலையில் அந்தக் கடலை இருந்தால் ஒரு மாதத்துக்குத் துவையலுக்கும் குழம்புக்கும் கவலையில்லை. அவர் பதில் சொல்ல மாட்டார். நான் சத்தம் போட்டால் அவர் வாயை மூடிக்கொள்வார், அதுதான் அவர் வழக்கம். பிறகு தன் இஷ்டப்படி செய்வார்.

அந்த வருஷம் ஆடியில் ஒரு நல்ல மழை பெய்தது. சனிக்கிழமை விதைத்தோம். எனக்கு முதல் நாளிலிருந்து காய்ச்சல், கொல்லைக்குப் போகவில்லை. சாயங்காலம் அவர் ஒரு சாக்கில் மீந்த பருப்பைக் கொண்டுவந்து உள்ளறை மூலையில் வைத்தார். தூக்கிப் பார்த்தேன். மூன்று படிக்குக் குறையாது. அத்தனை வருஷத்தில் இவ்வளவு மீந்து வீடு வந்ததே இல்லை. பெண்களுக்கு இந்தத் தடவை கொடுக்கவில்லை என்று உடனே தெரிந்துவிட்டது. கடைசியில் என் பேச்சு ஏறியிருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. பால் ஊற்ற வந்தவள், "வாத்தியாரு இந்த வருஷம் பொம்பளைகளுக்குக் கடலைக்குப் பதிலா ஆளுக்கு நாலணா சேத்துக் குடுத்தாராமே" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு வந்ததே கோபம். ஆறு நாலணா, ஒன்றரை ரூபாய். நான் மூன்று மாதம் எண்ணெய்ச் சட்டியைத் துடைத்துச் சேர்த்தது. என்ன, ஏது, ஏன் கொடுத்தீர்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கத்தினேன். வீட்டில் இருப்பதை வாரிக் கொடுக்கத்தான் உங்களுக்குத் தெரியும் என்றேன். மகனுக்குச் சட்டை இல்லை என்றேன். அவர் அம்மாவைக்கூட இழுத்தேன். அவர் கயிற்றுக் கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்கும் பேசாமலேதான் போய் வந்தோம். ஏதாவது வேண்டுமென்றால் மகன் வழியாகச் சொல்லிக்கொண்டோம். "அப்பாகிட்ட சாப்பிட வரச் சொல்லு" என்பேன், இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார். இரண்டு நாள் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. நான் பேச விட்டிருந்தாலும் நடந்திருக்காது.

திங்கட்கிழமை காலை அவரும் மகனும் பள்ளிக்கூடம் போன பிறகு சாக்கை இழுத்துவந்து அவிழ்த்தேன். பருப்பின் மேலெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி அடித்தது. உளுந்து விதைக்கும் துவரை விதைக்கும் நாங்கள் அடுப்புச் சாம்பல் கலந்துதான் எடுத்து வைப்போம், வண்டு அண்டாது. அவர் கடலைக்கும் கலந்திருக்கிறார் என்று நினைத்தேன். நெடி சாக்கினுடையது, அதில் முன்னால் என்ன வைத்திருந்தார்களோ என்று நினைத்தேன். கழுவினால் போய்விடும். கழுவினால் போகாத அழுக்கு என்று ஒன்று உண்டா என்ன?

முறத்தில் கொட்டிப் பொறுக்க ஆரம்பித்தேன். முழுப் பருப்பு ஒரு பக்கம், நொறுங்கியது, தோல் உரிந்தது, சொத்தை ஒரு பக்கம். நொறுங்கலே அரைப்படி தேறியது. கழுவினால் கரைந்து போகும், அம்மியில் வைத்தால் கசக்கும், நமக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்தேன். அந்த நேரத்தில் வாசலை முடித்துவிட்டு அவள் கழுநீருக்காகக் கொல்லைப்புறம் வந்தாள்.

"இங்க வா, இதை எடுத்துட்டுப் போ" என்றேன்.

அவள் முறத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "வெதக் கடலைங்களா?" என்றாள்.

"ஆமா, வெதக் கடலைதான். கொல்லையில கெடைக்கலையேன்னு கொறப்பட்டுக்காத. இந்தா, புள்ளைகளுக்கு வறுத்துக் குடு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள். முந்தானையை விரித்து ஏந்தினாள். நான் முறத்தோடு சாய்த்தேன். ஒரு பருப்புக்கூடச் சிந்தாமல் முடிந்துகொண்டு, கழுநீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு போனாள். நாலணாவும் வாங்கிக்கொண்டு கடலையும் வாங்கிக்கொண்டு போகிறாள், ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியவில்லை பார் என்று எனக்கு எரிச்சல்.

முழுப் பருப்பை மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். முதல் தண்ணீர் கஞ்சிபோலக் கலங்கி வந்தது. முருங்கை மரத்தடியில் ஊற்றினேன், அதையும் வீணாக்கவில்லை. இரண்டு படியை வெயிலில் காயப் போட்டுவிட்டு, இரண்டு கைப் பருப்பை மட்டும் வறுத்து, மிளகாய், புளி, உப்பு வைத்துத் துவையல் அரைத்தேன். அரைக்கும்போது விரலை நக்கி உப்புப் பார்ப்பது என் பழக்கம். அன்றைக்குக் காய்ச்சல் வாய், ருசி தெரியாது, மகன் வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். சோறு போட்டேன். மகன் தட்டில் துவையலை வைத்தேன். அவன் எடுத்துச் சோற்றில் பிசைந்தான். அவர் தட்டில் வைக்கக் குனிந்தபோது, இரண்டு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்.

"இது எந்தக் கடலை?"

"வீட்டுல எத்தன கடலை இருக்கு? நீங்க கொண்டாந்து வச்சதுதான்" என்றேன். குரலில் இன்னும் சண்டை இருந்தது.

அவர் மகனின் கையைத் தட்டிவிட்டார். உருண்டை தரையில் சிதறியது. தட்டை எடுத்து வாசலில் எறிந்தார். மகன் வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுத் துழாவினார், தண்ணீரை ஊற்றிக் கொப்பளிக்கச் சொன்னார். அவன் மிரண்டுபோய் அழுதான். "முழுங்குனியா? முழுங்குனியாடா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான். அன்றுவரை அவர் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் சொன்னார். விவசாயத்துக்கு யோசனை சொல்ல வரும் கிராம சேவக் கொடுத்த மருந்துப் பொடியாம். விதைக்கு எறும்பும் பூஞ்சையும் வராதாம். சனிக்கிழமை காலை கொல்லையிலேயே வைத்துக் கலந்திருக்கிறார்கள். தின்றால் ஆள் தாங்காது என்று கிராம சேவக் எச்சரித்திருக்கிறார். அதனால்தான் பெண்களுக்குக் கடலை கொடுக்காமல் காசு கொடுத்திருக்கிறார். மீந்ததை விதை விழாத இடத்தில் ஊன்றலாம் என்று சாக்கோடு கொண்டுவந்து வைத்திருக்கிறார். "ஒங்கிட்டச் சொல்லத்தான் வந்தேன். நீ எங்க சொல்ல விட்ட?" என்றார்.

பிறகு கேட்டார். "வேற யாருக்கும் குடுக்கலியே?"

"இல்லை" என்றேன்.

இந்தப் பொய்யை நான் ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். பயம்தான். அவருடைய அந்தக் குரலுக்குப் பயம். மகன் முன்னால் இன்னொன்றும் வெளியே வரவேண்டாம் என்ற வீம்பு. நொறுங்கலும் சொத்தையும் பொறுக்கிக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கும், அந்த வெட்கம் வேறு. அவர் போனதும் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று மனது அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது.

ஆனால் அவர் போகவில்லை. காய்ந்துகொண்டிருந்த பருப்பை வாரி, துவையலையும் வழித்துப் போட்டு, வேலியோரம் குழி வெட்டிப் புதைத்தார். அம்மியை என்னைச் சாம்பல் போட்டுத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். இன்னொரு தடவை தேய்க்கச் சொன்னார். ஒவ்வொரு நிமிஷத்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் ஒன்பதரை மணிக்கு வாங்கிக்கொண்டு போனாள். வறுக்க எவ்வளவு நேரம் ஆகும்? பசியோடு இருக்கிற பிள்ளைகள் வறுக்கும்வரை பொறுக்குமா? மகனுக்கு வெறும் சோறும் மோரும் கொடுத்து, அவனையும் இழுத்துக்கொண்டு அவர் மணி அடிக்கிற நேரத்துக்குத்தான் கிளம்பினார்.

அவர் தெருமுனை தாண்டியதும்கூட நான் உடனே ஓடவில்லை. அதையும் மறைக்கப் போவதில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தேன். நொறுங்கல்தானே, கொஞ்சம்தானே, வறுத்தால் மருந்து போய்விடாதா, அவர்கள் உடம்பு எதையும் தாங்குகிற உடம்பு என்றெல்லாம் நினைத்தேன். போய்க் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும், போலீஸ் வரும், அவர் வேலை போய்விடும் என்றும் நினைத்தேன். அப்போது முருங்கை மரத்தடியில் ஏதோ படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. எங்கள் வெள்ளைக்கோழி. நான் அலசி ஊற்றிய தண்ணீரோடு போன பருப்புத் துணுக்கைக் கொத்தியிருக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிட்டது.

கதவைக்கூடச் சாத்தவில்லை. கண்மாய்க் கரைமேல் ஓடினேன். தெருவில் யாரும் அதுவரை நான் ஓடிப் பார்த்ததில்லை. ஒரு பெண் "என்னங்க வாத்தியாரம்மா?" என்று கேட்டாள், நான் நிற்கவில்லை. மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் வேண்டினேன். அதற்குள்ளேயே, எங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதும் கலந்திருந்தது. இரண்டையும் பிரிக்க என்னால் முடியவில்லை.

அவர்கள் தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அவள் வீடு எது என்று எனக்குத் தெரியாது. நாலு வருஷம் அவள் என் வாசலைத் தெளித்திருக்கிறாள், நான் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வந்ததில்லை. பிள்ளைகளின் முகமும் சரியாக நினைவில்லை. எங்கிருந்தோ கடலை வறுக்கும் வாசனை வருவதுபோலவே இருந்தது. நின்று மோந்து பார்த்தால் இல்லை, திரும்ப நடந்தால் வந்தது. தலையில் விறகோடு வந்த ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒதுங்கி நின்று, "கடைசிக் குடிசைங்க, ஆடு கட்டியிருக்கும் பாருங்க" என்றார்.

குடிசைக்கு முன்னால் மூன்று கல் அடுப்பு. அதன்மேல் வாணலி இன்னும் சூடாக இருந்தது, அடியில் கருகல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்து எதையோ கடவாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கடைசிப் பையனுக்கு இரண்டரை வயது இருக்கும். அவனைத் தூக்கித் தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டேன். அவன் அலறிக்கொண்டு விரலைக் கடித்தான். மற்ற இரண்டும் எழுந்து ஓடிச் சுவரோரம் நின்றுகொண்டன. நான் விடவில்லை. துழாவி வெளியே இழுத்தேன்.

புளியங்கொட்டை. வறுத்த புளியங்கொட்டை.

மற்ற இரண்டின் கையையும் பிரித்துப் பார்த்தேன். அதுவும் புளியங்கொட்டைதான். வாணலியின் கருகலைச் சுரண்டிப் பார்த்தேன். அதுவும் அதன் தோல்தான். "கடலை தின்னீங்களா? சொல்லுங்க, கடலை தின்னீங்களா?" என்று கத்தினேன். பெரிய பெண் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அதை நம்பலாமா கூடாதா என்று தெரியவில்லை. சின்னவன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான்.

அந்த அழுகையைக் கேட்டு அவள் ஓடிவந்தாள். இடுப்பில் குடம், தண்ணீர் வழி நெடுகத் தளும்பிச் சிந்தியிருந்தது. என்னையும், என் கையில் இருந்த பையனையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"காலையில குடுத்த கடலை எங்க?" என்றேன்.

"பொதைச்சுட்டேங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாந்தாங்க. வந்த ஒடனே பொதைச்சுட்டேன். ஆடு தோண்டிராம கல்லு வச்சிருக்கேன்."

அடுப்புக் கல்லின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பையன் என் பிடியிலிருந்து நழுவி அவள் காலைப் போய்க் கட்டிக்கொண்டான். என் விரலில் அவன் பல் பட்ட இடம் சிவந்திருந்தது.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"வாத்தியாரய்யா சொன்னாருங்களே. வெதக்கையில சொன்னாரு. மருந்து கலந்துருக்கு, ஒரு பருப்பு வாயில போடப்படாது, கையக் கழுவாமச் சோறு திங்கப்படாதுன்னு. அதுக்குத்தானே காசு குடுத்தாரு."

நிம்மதி வந்த கையோடு கோபமும் வந்துவிட்டது. என் குணம் அது. "தெரிஞ்சிருந்தும் ஏன் வாங்கிட்டு வந்த? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? என் மகன் வாய் வரைக்கும் போயிருச்சு, தெரியுமா?" என்றேன்.

அவள் பதறிப்போனாள். "ஐயோ, நீங்களும் திங்கப் போறீங்கன்னு தெரியாதுங்க. எங்களுக்கு மட்டுந்தான் ஒதுக்கி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"மருந்துன்னு எனக்குத் தெரியாது."

"தெரியும்னு நெனச்சேங்க."

அவள் சொன்னது எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. "தெரிஞ்சுக்கிட்டே ஒன் புள்ளைகளுக்குக் குடுப்பேனா? என்னை அப்படியா நெனச்ச?" என்றேன்.

குடத்தை இறக்கி வைத்தாள். பையனின் மூக்கை முந்தானையால் துடைத்தாள், காலையில் நான் கடலையைச் சாய்த்த அதே முந்தானை, அலசிக் கட்டியிருந்தாள் போலும், இன்னும் ஈரமாக இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"எப்பவும் குடுக்கிற மாதிரிதானே குடுத்தீங்க. ஒங்களுக்கு ஆகாததை."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. நாலு வருஷமாக நடப்பதை, வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். வண்டு விழுந்த மாவைக் கொடுக்கும்போது எனக்கு வண்டு விழுந்தது தெரியும். நூல் விட்ட குழம்பைக் கொடுக்கும்போது அது நூல் விட்டது தெரியும். தெரிந்துதான், புள்ளைகளுக்குக் குடு என்று சொன்னேன். அப்படிப்பட்டவள் மருந்து தூவிய கடலையைத் தெரிந்தே தரமாட்டாள் என்று அவள் எதை வைத்து நம்புவாள்? என் வீட்டிலும் வீணானது வீணாகத்தான் போயிருக்கிறது. அவள் பானையில் போட்டுவிட்டு, வீணாகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?"

புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னேன். குடிசைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு குழி, அதன்மேல் இரண்டு கல். புதிதாக வெட்டிய குழி இல்லை. ஓரத்து மண்ணில், நான் நாலு நாள் முன்னால் கொடுத்த ஊறுகாய் பூசணத்தோடு கிடந்தது. அவளும் அதை நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். பையன் தின்றால் வயிற்றால் போகிறது, அதனால்தான், மற்றதெல்லாம் தின்றுவிடுவோம் என்று சொன்னாள். அவள்தான் எனக்குச் சமாதானம் சொன்னாள்.

நான் கிளம்பினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அந்த வார்த்தையை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதுவரை அவளிடம் அப்படி ஒன்றைச் சொன்னதே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு ஆட்டைத் தாண்டி வந்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். தெருவின் பாதியில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினேன். ஓடிவந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. முகம் வெளிறிப்போயிருந்தது. பிள்ளைகளில் ஒன்றுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

"வாத்தியாரம்மா," என்றாள், "நாளைக்கு வாசல் தெளிக்க வரலாமுங்களா?"

பேசக்கூடாததைப் பேசிவிட்டோம், வேலை போய்விட்டது என்று பயந்து ஓடிவந்திருக்கிறாள். நான் கொடுத்தனுப்பிய சாவைக் கல்லை வைத்து மூடியவள், என்னிடம் வேலைக்குக் கெஞ்சிக்கொண்டு நின்றாள்.

"வா" என்றேன்.

உடனே அவள் முகம் தெளிந்துவிட்டது. சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.